ராயபுரத்துச் சுவரில் ஒன்றேகால் மணி

ஞாயிற்றுக்கிழமை காலை 6.50க்கு வண்டி திருப்பூரில் நின்றது. பெங்களூரிலிருந்து ஸ்லீப்பர் டிக்கெட் 290 ரூபாய். என்னோடு இறங்கியவர்களில் பாதிப்பேர் இருபது வயதுக்காரர்கள். முதுகில் ஒரு பை, கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி, வாளிக்குள் சுருட்டிய போர்வை. வேலைக்கு வந்து இறங்குகிறவர்கள் வாளியோடு வருகிறார்கள். அந்த வயதில் வாளி இல்லாமல் இறங்கியது நான் ஒருத்திதான். திருப்பூருக்குப் பனியன் எடுக்கப் போகிறாயா என்று இரவு கீழ்ப் படுக்கை அம்மா கேட்டார். சுவர் பார்க்கப் போகிறேன் என்றதும் அவர் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார்.

உண்மையில் சுவர் பார்க்கத்தான் போனேன். திருப்பூர் ராயபுரத்தைச் சுற்றி மாதம் ஒரு ஞாயிறு 'சுவரும் சோறும்' என்று ஒரு நடை இருக்கிறது. மூன்று கிலோமீட்டர், நான்கு மணி நேரம், ஐந்து சுவர் ஓவியங்கள், இரண்டு இடத்தில் சாப்பாடு, தலைக்கு 350 ரூபாய். போனில் பார்த்த உடனே பதிவு செய்துவிட்டேன். 'எத்தனை பேர்' என்ற கட்டத்தில் ஒன்று என்று போட்டேன். நான் வீட்டிலிருந்தே வேலை செய்கிறவள். இரண்டு வருடமாக ஓர் அறை, ஒரு திரை. ஞாயிற்றுக்கிழமை யாரோடாவது நடக்க வேண்டும் போலிருந்தால் இப்படிப் பணம் கட்டித்தான் நடக்கிறேன். ஹம்பி, புதுச்சேரி, மட்டாஞ்சேரி எல்லாம் அப்படிப் போனவைதான்.

காலை 7.30. ஸ்டேஷன் வாசலில் டீக்கடை ஓரமாக, மஞ்சள் பனியன் துணியில் செய்த சின்னக் கொடியைப் பிடித்துக்கொண்டு ஒரு பெண் நின்றிருந்தார். ஜெசிந்தா. முப்பது முப்பத்திரண்டு வயதிருக்கும். நடையை நடத்துகிறவரும் அவர்தான், சுவர்களை வரைந்தவரும் அவர்தான். சாத்தான்குளம் பக்கத்திலிருந்து பதினாறு வயதில் அம்மாவோடு இங்கே வேலைக்கு வந்தாராம். ஊரை விட்டு வந்து அத்தனை வருடமாகியும் பேச்சு மட்டும் வரவில்லை, அங்கேயே இருக்கிறது.

"ஆறு பேரு பேரு குடுத்திருந்தாவ. கோயமுத்தூர்க் குடும்பம் நாலு பேரு, பிள்ளைக்குக் காய்ச்சலாம். இன்னொருத்தர் போனே எடுக்கல. நீங்க ஒரு ஆள்தான் தங்கச்சி. வேண்டாம்னா ரூவாயத் திருப்பி அனுப்பிருதேன்" என்றார்.

நடக்கலாம் என்றேன். கொஞ்சம் அவசரமாகவே சொன்னேன் போலிருக்கிறது. அவர் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, கொடியை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"ஒத்த ஆளுக்குக் கொடி எதுக்கு?"

ஞாயிறு திருப்பூரின் சத்தம் எனக்குப் புதிது. சத்தமே இல்லை என்பதுதான் அது. வாரத்தின் ஆறு நாளும் ஓவர்லாக் தையல் மெஷின் உறுமுகிற தெருக்கள் ஷட்டர் இறக்கிக் கிடந்தன. ஆனால் ஆட்கள் இருந்தார்கள். மூடிய ஷட்டர்களின் படிகளில் ஆளுக்கொரு படியாகத் தள்ளித் தள்ளி உட்கார்ந்து, போனை முகத்துக்கு நேராகப் பிடித்துப் பேசிக்கொண்டிருந்தார்கள். இந்தி, ஒடியா, எனக்குப் பெயர் தெரியாத ஏதோ ஒரு மொழி. ஒருவர் போனைத் திருப்பித் தெருவைக் காட்டினார். அந்தப் பக்கம் இருந்த யாருக்கோ ஒரு வினாடி நானும் தெரிந்திருப்பேன்.

காலை 8.10. ஸ்டேஷனிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் நடந்து முதல் சாப்பாடு. சரசு அக்கா தன் வீட்டு வாசலில் போட்டிருக்கும் கடை. சந்தகை, அதாவது இடியாப்பத்துக்கு ஒன்றுவிட்ட அக்கா. அரிசி மாவை இட்லியாக வேகவைத்து, சூடாக இருக்கும்போதே அச்சில் வைத்து அழுத்திப் பிழிகிறார்கள். தேங்காய்ப்பாலும் நாட்டுச்சர்க்கரையும் ஊற்றி ஒரு தட்டு நாற்பது ரூபாய். பெஞ்சின் மேல் ஆறு தட்டு வரிசையாக வைத்திருந்தார்.

"ஏனுங்க ஜெசி, மீதி ஆளுகெல்லாம் பின்னால வர்றாங்களா?" என்று தெருமுனையை எட்டிப் பார்த்தார். யாரும் இல்லை என்று தெரிந்ததும் என் பக்கம் திரும்பினார். "ஆறு பேத்துக்குப் புழிஞ்சு வெச்சுட்டனுங்களே. கண்ணு, நீங்க ரண்டு பங்கு சாப்புடோணும். ஒல்லியா இருக்கீங்க, தப்பில்லே."

இரண்டு பங்கு சாப்பிட்டேன். மூன்றாவதையும் ஊற்றினார். காலியாகக் கிடந்த மற்ற ஐந்து தட்டுகளையும் யாரும் எடுக்கவில்லை. ஜெசிந்தா சாப்பிடாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தார். அழைப்பு எதுவும் வரவில்லை, வருமோ என்றுதான் பார்த்தார்.

காலை 9.00. முதல் சுவர் ஒரு சந்தில். நீலப் பின்னணியில் கரண்ட் கம்பி வரைந்து, கம்பி மேல் வரிசையாகச் சட்டைக் காலர்கள். தூரத்திலிருந்து பார்த்தால் குருவிகள். கடைசிக் காலர் மட்டும் பறக்க ஆரம்பித்திருக்கிறது.

இரண்டாவது சுவர்தான் என்னை நிறுத்தியது. பழைய வீட்டின் பக்கச் சுவர். மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக வண்ணம், நாற்பதுக்கு மேல் இருக்கும். படம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு பட்டைக்கும் கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி. 'சிவப்பு கொஞ்சம் அதிகம்.' 'மங்கல்.' 'கடை வெளிச்சத்தில் மாறுகிறது.' 'இன்னொரு தடவை முயற்சிக்கவும்.'

ஜெசிந்தா ஒரு சாயப்பட்டறையின் லேபில் வேலை செய்கிறார். துணி வாங்குகிற வெளிநாட்டு பையர் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துணித் துண்டு அனுப்புவார். அதே நிறத்தில் சாயம் கலந்து, நூலில் ஏற்றிக் காட்ட வேண்டும். ஒரு பெட்டிக்குள் வைத்து வெயில் வெளிச்சம், கடை வெளிச்சம், வீட்டு பல்பு வெளிச்சம் என்று மாற்றி மாற்றிப் பார்ப்பார்களாம். வெயிலில் ஒன்றாக இருக்கிற இரண்டு பச்சை, பல்பு வெளிச்சத்தில் வேறு வேறாகிவிடும். அப்படித் திரும்பி வந்த நிறங்கள்தான் இந்தச் சுவர் முழுக்க. வேண்டாம் என்று சொல்லப்பட்டவை. தெருக்காரர்களுக்கு இப்போது இது வேறு விதத்தில் பயன்படுகிறது. கல்யாணத்துக்குப் பட்டு எடுக்கப் போகிறவர்கள் இங்கே வந்து நிறத்தைத் தொட்டுக் காட்டிப் பேசி முடித்துவிட்டுத்தான் கடைக்குப் போகிறார்களாம்.

நான் ஒவ்வொரு பட்டையாகப் படித்துக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஜெசிந்தா "சரிங்கண்ணா, சரிங்கண்ணா" என்று மட்டும் சொல்லி வைத்தார். பிறகு என்னிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

ஐந்தாவது சுவர், நடையின் கடைசிச் சுவர், ஒரு பனியன் கம்பெனியின் குடோன் சுவர். முதலாளி குழந்தைவேல் அண்ணன் நல்ல மனிதர். சுவரையும் கொடுத்துப் பெயின்டுக்கும் பணம் கொடுத்து, வேலை செய்கிற ஆட்களை வரையச் சொன்னார். மூன்று ஞாயிறு உட்கார்ந்து ஜெசிந்தா வரைந்தார். அவர் வரைந்தது தூங்குகிற ஒரு டெய்லரை. முதலாளி தன் மகள் வீட்டுக்குப் போயிருந்ததால் வெள்ளிக்கிழமைதான் பார்த்தார். திங்கட்கிழமை, அதாவது மறுநாள் காலை, கம்பெனிக்கு ஆடிட். ஆட்களை எத்தனை மணி நேரம் வேலை வாங்குகிறார்கள் என்று பையர் சார்பாக வந்து பார்க்கிற ஆடிட். வாசலுக்குப் பக்கத்திலேயே தூங்குகிற தொழிலாளியின் படம், பதினெட்டடி நீளத்தில்.

"ஆறு பேரு வாறாவ, பெங்களூர்ல இருந்தெல்லாம் வாறாவ, பாத்துட்டு நீங்களே முடிவு பண்ணுங்கண்ணான்னு சொல்லி வச்சிருந்தேன். இப்பம் வெள்ளையடிக்க ஆளோட பதினோரு மணிக்கு வாறாராம்."

நடுவில் இருந்த இரண்டு சுவர்களையும் விட்டுவிட்டு வேகமாக நடந்தோம். அந்த வேகத்தில் எனக்கு ஓர் உற்சாகம் இருந்தது, அதை மறைக்கவில்லை. ஆறு பேருக்குப் பதிலாக நான் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். பெங்களூர் என்று சொன்னாரே, அந்தப் பெங்களூர் நான்தானே.

காலை 10.25. படம் நான் நினைத்ததைவிடப் பெரிதாகவும் அமைதியாகவும் இருந்தது. வெட்டுத் துணிக் கட்டுகளின் மேல் ஓர் ஆள் ஒருக்களித்துப் படுத்திருக்கிறார். வாய் லேசாகத் திறந்திருக்கிறது. நூல் வெட்டுகிற சின்னக் கத்திரி இன்னும் விரலில் மாட்டியபடியே இருக்கிறது. கழற்றக்கூட நேரமில்லாமல் தூங்கிப்போன ஆள். ஜன்னல் படத்தில் இல்லை. ஆனால் ஜன்னல் வெளிச்சம் இடது ஓரத்திலிருந்து தாழ்வாக வந்து, கன்னத்தையும் காதையும் மட்டும் தொட்டுவிட்டுத் துணிக் கட்டில் நீளமாக விழுகிறது.

அவர் பெயர் பிஜய், ஒடிசாக்காரர். ஒருநாள் காலை சாம்பிள் துணி கொடுக்க இந்தக் கம்பெனிக்கு வந்தபோது ஜெசிந்தா அவரை இப்படிப் பார்த்திருக்கிறார். முதல்நாள் காலையில் மெஷினில் உட்கார்ந்த ஆட்கள் ஷிப்மென்ட் ஏற்றி முடித்துவிட்டு அப்போதுதான் எழுந்திருந்தார்கள். மணி ஆறரை. பிறகு காகிதத்தில் வரைந்து அவரிடம் காட்டினாராம். அவர் சிரித்துவிட்டு, மீசையை மட்டும் கொஞ்சம் பெரிதாகப் போடச் சொன்னார். படம் சுவரில் ஏறுவதற்குள் ஊருக்குப் போய்விட்டார், திரும்பி வரவில்லை. மீசை பெரிதாகத்தான் இருக்கிறது.

சரியாகப் பதினோரு மணிக்கு ஸ்கூட்டரில் குழந்தைவேல் வந்தார். வெள்ளை வேட்டி, சட்டைப் பையில் இரண்டு போன். பின்னாலேயே மொபெட்டில் பெயின்டர், கால் நடுவில் இருபது லிட்டர் வெள்ளை வாளி. முதலாளி எனக்கு வணக்கம் சொல்லி, சாப்பிட்டீர்களா என்று கேட்டு, எந்த ஊர் என்று கேட்டு, மீதிப் பேர் எங்கே என்று கேட்டார். நான் மட்டும்தான் என்றேன். அவர் முகத்தில் கோபம் ஏதும் இல்லை. எனக்காகக் கொஞ்சம் வருத்தப்பட்டார் என்றுதான் தோன்றியது.

"அம்மிணி, படம் நல்லாத்தானுங்க இருக்குது. நான் கொறை சொல்லலீங்க. ஆனா நாளைக்கு வர்ற ஆளு படமாப் பாக்க மாட்டாருங்க. இந்த ஆளு ஏன் தூங்கறாரு, எத்தன மணிக்குத் தூங்கறாரு, நேத்து எத்தன மணி வரைக்கும் வேலை பாத்தாருன்னு மூணு கேள்வி கேப்பாரு. படத்துல இருக்கற ஆளுக்குப் பஞ்ச் கார்டுக்கு நான் எங்கீங்க போறது?"

பெயின்டர் வாய்விட்டுச் சிரித்தார். ஜெசிந்தா சிரிக்கவில்லை. சுவரைப் பார்த்தபடி நின்றிருந்தார். இது ஒருநாள் நடந்த விஷயம், தினம் நடப்பதில்லை என்றார் முதலாளி. ஆர்டர் போனால் எண்பது பேருக்கு வேலை போகும் என்றார். இரண்டுமே உண்மையாகத்தான் இருக்கும். பெயின்டர் ரோலருக்குக் கம்பு மாட்ட ஆரம்பித்தார்.

என் வேலையில் என்னைப் பாராட்டுவதெல்லாம் ஒரே காரணத்துக்குத்தான். பிரச்சினையைச் சொல்லி முடிப்பதற்குள் தீர்வு சொல்லிவிடுவேன். அன்றும் சொல்லிவிட்டேன். தலைக்கு மேலே ஒரு சுவர்க் கடிகாரம் வரைந்துவிட்டால் என்ன? சாப்பாட்டு நேரம் காட்டுகிற கடிகாரம். சாப்பாட்டு நேரத்தில் தூங்கினால் யார் கேட்க முடியும்?

குழந்தைவேல் வாயில் விரல் வைத்து யோசித்தார். பிறகு முகம் மலர்ந்துவிட்டது.

"ஒண்ணேகால் போடுங்க. ஒண்ணு அஞ்சு போட்டா, ஆளு இன்னும் சோறே தின்னிருக்க மாட்டான். ஒண்ணே முக்கால் போட்டா, பெல் அடிக்கற நேரத்துல தூங்கறான்னு ஆயிரும். ஒண்ணேகால்தானுங்க கணக்கு."

"பக்கத்துல ஒரு டிபன் பாக்ஸும் வரஞ்சிருங்க மேடம், சந்தேகமே வராது" என்றார் பெயின்டர். ரோலரைத் தரையில் வைத்துவிட்டார்.

எல்லோரும் சிரித்தோம். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு சுவரைக் காப்பாற்றிவிட்டேன், வந்து நான்கு மணி நேரத்தில். ஜெசிந்தா மட்டும் மெதுவாகச் சொன்னார்.

"மணிய மாத்திரலாம்ணா. வெளிச்சம் ஆறரை மணி வெளிச்சம்லா."

முதலாளிக்குப் புரியவில்லை. ஜெசிந்தா சுவரருகே போய், பிஜயின் கன்னத்தில் விழுந்திருந்த மஞ்சளைத் தொட்டுக் காட்டினார். இது காலையில் சாய்ந்து விழுகிற மஞ்சள். மத்தியானம் ஒன்றேகாலுக்கு ஜன்னல் வழியாக இப்படி ஒரு வெளிச்சம் வரவே வராது. நிழல் இவ்வளவு நீளமாக விழாது. வேலையே வெளிச்சம் பார்ப்பதாக இருக்கிற ஒருவருக்கு இது எப்படிப் பட்டிருக்கும் என்று அப்போது நான் யோசிக்கவில்லை.

"அதெல்லாம் யாருங்க அம்மிணி பாக்கறாங்க? மணியத்தானுங்க பாப்பாங்க" என்றார் குழந்தைவேல், ரொம்ப அன்பாக.

பெயின்டர் கொண்டுவந்த வெள்ளையிலேயே கடிகார முகத்தை வரைந்தார் ஜெசிந்தா. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். நாற்பது நிமிடம் ஆனது. முள் வைக்கும்போது ஒருமுறை கை நின்றது. பிறகு வைத்துவிட்டார். வெளிச்சத்தில் கை வைக்கவில்லை. கன்னத்து மஞ்சளும் நீள நிழலும் அப்படியே இருந்தன. முதலாளி கீழே நின்று பார்த்து, பிரமாதம் என்று சொல்லி, எங்கள் மூவருக்கும் இளநீர் வரவழைத்துக் கொடுத்துவிட்டுக் கிளம்பினார். ஆளுக்கு ஒன்று போக மூன்று இளநீர் மீதியிருந்தது. கடைக்காரரிடம் அவரும் ஆறு பேர் என்றே சொல்லி வைத்திருந்தார் போலிருக்கிறது.

மதியம் 12.10. இரண்டாவது சாப்பாடு, அரிசியும்பருப்பும். துவரம்பருப்பும் அரிசியும் சின்ன வெங்காயமும் ஒன்றாக வேகவைத்து நெய் ஊற்றுகிறார்கள். மெஸ்ஸில் அறுபது ரூபாய், அப்பளமும் ஊறுகாயும் சேர்த்து. எதிரெதிரே உட்கார்ந்தோம். எனக்குப் பேச்சு வந்துகொண்டே இருந்தது. அடுத்த நடைக்கு எப்படி ஆள் சேர்க்கலாம், எந்த நேரத்தில் எழுதினால் நிறையப் பேர் பார்ப்பார்கள், கடிகாரத்தின் கதையையே ஒரு பதிவாகப் போடலாமே என்றெல்லாம் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

பிறகு நானாகவே நிறுத்திவிட்டு, கடிகாரம் சொன்னது தப்போ என்று கேட்டேன்.

"நீங்க சொல்லலைன்னா இந்நேரம் வெள்ளையா இருக்கும். தப்பில்ல தங்கச்சி." ஊறுகாயைத் தொட்டுக்கொண்டே, "ஆனா மத்தியானம் அந்த மனுசன் தூங்குனதே இல்ல. சாப்பாட்டு நேரம் முழுக்கப் பிள்ளையோட போன்ல பேசிக்கிட்டிருப்பாரு" என்றார்.

பதிவு போட எடுத்து வைத்திருந்த போனைப் பைக்குள் போட்டேன்.

ஸ்டேஷன் வரை கொண்டுவந்து விடுகிறேன் என்றார். வேண்டாம் என்றேன். எனக்காக ஞாயிறில் பாதியைச் செலவழித்திருந்தார். பஸ் நிறுத்தத்தில் கைகொடுத்துவிட்டுப் போனார். டவுன் பஸ்ஸில் ஒரு மணிக்கே ஸ்டேஷன் வந்து சேர்ந்தேன். வண்டி மூன்றுக்குத்தான். இரண்டு மணி நேரம் பிளாட்பாரத்தில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ஒருவர் போனைப் பிடித்துக்கொண்டு சின்னக் குழந்தையிடம் பேசுகிற குரலில் பேசிக்கொண்டிருந்தார். எதிரே ஸ்டேஷன் கடிகாரம் ஒன்றேகாலைக் காட்டியபோது நிமிர்ந்து பார்த்தேன். வெளிச்சம் தலைக்கு நேர் மேலேயிருந்து விழுந்துகொண்டிருந்தது. தண்டவாளத்துக்கு நிழலே இல்லை. ஜெசிந்தா சொன்னது அப்போதுதான் எனக்குக் கண்ணில் பட்டது.

பெங்களூரில் என் வேலைக்கும் ஒரு கடிகாரம் உண்டு, நான் வேலையில் இருப்பதாகத் திரையின் ஓரத்தில் காட்டுகிற ஒரு பச்சைப் புள்ளி. அது எரிந்துகொண்டிருந்தால் போதும், நான் விழித்திருக்கிறேனா என்று யாரும் பார்ப்பதில்லை. பகலில் மேஜை மேல் தலைவைத்துத் தூங்கியிருக்கிறேன். என்னை அப்படிப் பார்த்த ஒருவரும் இந்த உலகத்தில் இல்லை. பிஜயை ஒருவர் பார்த்தார். கத்திரி எந்த விரலில் இருந்தது என்பது வரைக்கும் பார்த்தார்.

செவ்வாய்க்கிழமை பொறுக்க முடியாமல் ஜெசிந்தாவுக்கு எழுதினேன், ஆடிட் என்னாயிற்று என்று. மாலையில் பதில் வந்தது. ஆடிட் நல்லபடியாக முடிந்ததாம். வந்தவர் கார் பின்வாசல் வழியாக உள்ளே போய்ப் பின்வாசல் வழியாகவே திரும்பிவிட்டதாம். சுவரைப் பார்க்கவே இல்லையாம்.

அப்படியென்றால் கடிகாரத்தை அழித்துவிடலாமே என்று உடனே எழுதினேன். முதலாளிக்கு அது ரொம்பப் பிடித்துப்போய்விட்டது, வருகிறவர்களையெல்லாம் கூட்டிப்போய்க் காட்டி ஒன்றேகால் கதையைச் சொல்கிறார் என்று பதில் வந்தது. கூடவே ஒரு படம். கடிகாரம் வைப்பதற்கு முந்தின வாரம் அவர் எடுத்தது. காலை வெளிச்சம், கன்னம், கத்திரி, பெரிய மீசை, தலைக்கு மேல் வெறும் சுவர். இதைத்தான் பிஜய்க்கு வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கிறாராம்.

பார்த்தாரா என்று கேட்டேன்.

"இல்ல தங்கச்சி. இன்னும் ஒத்த டிக்தான் காட்டுது."